தேய்மானம் என்று எழுதினார்கள்

எங்கள் நைனா விழவில்லை. பிறகு எங்களுக்குப் பெரிய தொல்லையாகப் போனதே அதுதான். கீழே விழுந்து ரத்தம் வந்திருந்தால், ஒரு விரல் நசுங்கியிருந்தால்கூட, கம்பெனியில் நாலு பேர் ஓடிவந்திருப்பார்கள். 2022 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காக்களூர் பக்கம் ஒரு கம்பெனியில், லாரியிலிருந்து தானா மூட்டையைத் தோளில் வாங்கித் திரும்பும்போது இடுப்பில் 'டக்'கென்று ஏதோ ஆனது என்றார். மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கினார். லாரி காத்திருந்ததால் மிச்சமிருந்ததையும் இறக்கினார். ஷிப்ட் முடிந்து திருவள்ளூர் வந்து, பஸ் ஏறி, திருப்பாச்சூரில் எங்கள் காலனி முனையில் இறங்கும்போது வலது காலை ஊன்ற முடியவில்லை.

நாங்கள் என்று இங்கே எழுதுவது ஒரு வீட்டை. அம்மா, கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கி கான்ட்ராக்ட் வேலை செய்யும் தம்பி, சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு சமூகப் பணியில் இருக்கும் மூத்த மகள். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கும் வீடு. ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒருவர் படுத்தபோது என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் எங்கள் தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் முதுகு போன ஒருவர் இருப்பார்.

மறுநாள் கிளினிக்கில் ஊசி போட்டோம். அரை நாள் அடங்கியது. மூன்றாம் நாள் இன்னொரு ஊசி. இந்த வலி ஊசிகளைத் தொடர்ந்து போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும் என்று தெரிந்தேதான் போட்டோம். அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. அடுத்து சித்தப்பா வந்தார். "புத்தூருக்கு இட்டுனு போங்க, கட்டு போட்டா சரியாயிடும்" என்றார். எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் ஆந்திராவிலுள்ள புத்தூருக்குப் போவது தலைமுறைப் பழக்கம். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் பேர் போனது. நைனாவுக்கு எலும்பே முறியவில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. வாடகைக் கார் எடுத்து, திருத்தணி வழியாகப் போய், கட்டுப் போடாமலே திரும்பினோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அன்று இரவு வலி முட்டியைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கியிருந்தது.

மூன்றாவது தப்பு படுக்கை. அசையாமல் படுத்தால் ஜவ்வு தானாக உள்ளே போய்விடும் என்று தெருவே சொன்னது. பதினெட்டு நாள் பாயில் கிடந்தார். வலது கெண்டைக்கால் கண்ணுக்குத் தெரியும்படி இளைத்தது. ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்கை உதவாது, முடிந்த அளவு நடமாடுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பது மருத்துவத்தில் இன்று சந்தேகமில்லாத விஷயம். எங்களுக்கு அது பத்தொன்பதாம் நாள் அரசு மருத்துவமனையில்தான் தெரிந்தது.

அங்கே ஒரு இளம் டாக்டர் ஸ்கேன் எதுவும் பார்க்காமலே நோயைச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் வலது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் நைனா கத்தினார். வலித்தது இடுப்பில் இல்லை, காலில். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். இடது பாதம் துள்ளியது, வலது பாதம் சும்மா இருந்தது. "சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கா?" என்றார். ஆமாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னார். வலது குதிகால் தரையைவிட்டு எழும்பவே இல்லை. இடுப்பின் கடைசி எலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவில், எல்-5 எஸ்-1 என்கிற இடத்தில் கோளாறு என்றார். பெருவிரலை மேலே தூக்க முடியாமல் போயிருந்தால் அதற்கு ஒரு தட்டு மேலே தேட வேண்டுமாம்.

ஜவ்வு என்று நாம் சொல்வதை நுங்கோடு ஒப்பிட்டுக்கொண்டால் விளங்கும். இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு வட்டு. உள்ளே நுங்கு மாதிரி குழைவான, பெரும்பகுதி தண்ணீரான பொருள். அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காய் நார் வளையம். மேலேயும் கீழேயும் எலும்போடு ஒட்டியிருப்பதால் அது 'விலகுவது' கிடையாது. வளையம் கிழிந்து உள்ளேயிருப்பது பிதுங்கி வருகிறது. வந்த துண்டு நரம்பின் வேரில் பட்டால் அந்த இடம் வீங்கி, நரம்பு போகிற வழி முழுக்க, பிட்டத்திலிருந்து பாதம் வரை வலிக்கும். 1934ல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதும்வரை, அறுத்து எடுத்த துண்டுகளை ஏதோ கட்டி என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்து டாக்டர் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பெரிய துண்டாக இருந்தால் கரைய இன்னும் வாய்ப்பு அதிகம், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி நன்றாகக் குறைந்துவிடும் என்றார். "அப்போ மருந்து?" என்று அம்மா கேட்டார். "நாள்தான்மா மருந்து. மூட்டை தூக்கக் கூடாது, ஆனா நடக்கணும்" என்றார்.

உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகளையும் சொன்னார். தயவுசெய்து இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமல் போனால், மலம் கட்டுப்பாடு இழந்தால், உட்காரும் இடமும் பிறப்புறுப்புச் சுற்றும் மரத்துப்போனால், இரண்டு காலும் பலமிழந்தால், இரவா பகலா என்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அவசர அறுவைச் சிகிச்சை. நாள் கடத்தினால் கடைசிவரை அந்தக் குறை தங்கிவிடலாம். பாதம் தொங்கிப்போய் நாளுக்கு நாள் பலம் குறைந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் தெருக்களில் அது அரிதில்லை. இடுப்பு வலி என்று வெட்கப்படாமல் சொல்கிற நம் பெண்கள், சிறுநீர் விஷயத்தைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

பிசியோதெரபி அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை எதுவுமில்லை. முதல் நாள் வீட்டு வாசல்வரை நடை, பிறகு தண்ணீர்த் தொட்டிவரை, பிறகு கோயில்வரை. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் மெல்லத் தூக்குவது. அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். பயிற்சி செய்யும்போது வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்பில் வந்து நின்றால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும், நல்லது. வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று நினைத்து நிறையப் பேர் கேட்பதே இல்லை.

ஆபரேஷன் பேச்சும் வந்தது. நெதர்லாந்தில் கடுமையான கால் வலியுள்ள 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரம் அறுவை, மறுபாதிக்குக் காத்திருப்பு என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2007ல் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் நடுவிலேயே அறுவைக்குப் போனதும் உண்மை. ஆக அறுவையும் தப்பான வழியில்லை. அது வாங்கித் தருவது வேகம். சம்பளம் நின்றுபோன வீட்டுக்கு வேகம் பெரிய ஆசை. நைனா, "கத்தி போட்டு முடிச்சிடலாம் பாப்பா, பொங்கலுக்குள்ள வேலைக்குப் போயிடறேன்" என்றார். அறுத்த பிறகும் பல வாரம் மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

ஒன்பதாவது வாரம் ஒரு காலை, அவராக எழுந்து போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து அழுதார்.

உடம்பு டாக்டர் சொன்னபடியே நடந்துகொண்டது. அந்த வாரங்களுக்கு யார் சோறு போடுவது என்பதில்தான் எல்லாம் முறிந்தது.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டப்படி காப்பீடு உள்ள தொழிலாளிக்கு நோய் வந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள்வரை கிடைக்க வேண்டும். 91 நாள் என்றால் பதின்மூன்று வாரம். ஜவ்வு ஆறுவதற்கு டாக்டர் கேட்ட அவகாசம் பன்னிரண்டு வாரம். கணக்கு இவ்வளவு பொருந்தி வருவதைப் பார்த்து முதல் நாள் நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த உரிமைக்கு, முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். 2022 நவம்பரில் படுத்தவருக்கு 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரையிலான கணக்கைப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் கான்ட்ராக்டர் மாறினார். நைனா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இல்லை. பெயரைப் புதிய கான்ட்ராக்டர் மாதக்கணக்கில் ஏற்றவில்லை. கணக்கில் இருந்தது 61 நாள்.

பதினேழு நாள் குறைவு. மாதம் 13,000 சம்பளத்துக்கு, மூன்று மாதத்தில் வந்திருக்க வேண்டியது சுமார் 27,000. அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன் 30,000.

பிறகு படித்துப் பார்த்ததில் இரண்டு கதவு தெரிந்தது. முதலாளி சந்தா கட்டாததால் தொழிலாளி உரிமை இழந்தால், கார்ப்பரேஷன் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 68ஆவது பிரிவு சொன்னது. இன்னொன்று, வேலையில் பட்ட காயத்துக்குத் தரும் ஊன உதவிக்கு 78 நாள் கணக்கே தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. சம்பளத்தில் 90 சதவீதம். வேலை நேரத்தில் நடந்த விபத்தை, மாற்றுச் சான்று இல்லாதவரை, வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 51-ஏ பிரிவு சொன்னது. இந்த மூன்று விஷயத்தையும் சட்டம் படிக்கிற தோழர்கள் தங்கள் தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து சொன்னாலே போதும், பத்து குடும்பத்துக்குப் பிரயோஜனம்.

ஆனால் விபத்து என்று யார் சொல்வது? விழுந்தால்தான் விபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றைய தேதியில் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் கோயிலில் சாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர். மூங்கில் காட்டில் மண்ணை வெட்டியபோது வாச்சி பட்டு லிங்கத்தில் தழும்பு விழுந்தது என்று தலபுராணம் சொல்கிறார்கள். கல்லில் பட்ட காயம் பெயராகவே நின்றுவிட்டது. நைனாவின் காயத்துக்கு ஒரு வரி எழுத ஆளில்லை.

மனுப் போட்டோம். கம்பெனி தரப்பில் வந்த பதிலில் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்திருந்தார்கள். வயதின் காரணமான தேய்மானம், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. நைனாவுக்கு அப்போது வயது 56.

அந்தச் சொல் அறிக்கையில் இருப்பது உண்மை. 1994ல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு வட்டாவது உப்பியிருந்தது. கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், பிதுக்கமே இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயில்லை, படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று நோயாளிக்குத் தைரியம் சொல்லப் பயன்படும் தகவல் இது. அதே தகவலைத் திருப்பிப் பிடித்து, 'எல்லோருக்கும்தான் தேய்கிறது' என்று மனுவைத் தள்ளவும் பயன்படுத்துகிறார்கள்.

எங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து 1990களில் ஆராய்ந்தவர்கள், வட்டு தேய்வதில் பெற்றோர் வழி வருவதன் பங்கு பெரிது, தூக்கும் வேலையின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறிது என்று கண்டார்கள். படித்த அன்று எங்களுக்குள் ஒரே சண்டை. தம்பி, "அப்போ கம்பெனிக்காரன் சொல்றது சரியா?" என்று கேட்டான். சரியில்லை. ஸ்கேனில் தெரியும் தேய்வு வேறு, ஒருநாள் கிழிந்து கால் இழுத்துக்கொள்வது வேறு. ஒரே மாதிரி தேய்ந்த முதுகு இரண்டு பேருக்கு இருக்கலாம். ஒருவர் கல்லாவில் உட்காருகிறார், இன்னொருவர் லாரிக்குக் கீழே நிற்கிறார். முதலாமவருக்கு வலி வந்தால் நாற்காலியை மாற்றிக்கொள்வார்.

இவ்வளவு விவாதத்துக்கு இடமிருக்கும்போதே ஜெர்மனி 1993ல், வருடக்கணக்கில் பாரம் தூக்கியவர்களுக்கு வரும் இடுப்பு வட்டு நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸ் 1999ல், பாரம் கையாளுபவர்களுக்கு எல்-4 எல்-5, எல்-5 எஸ்-1 வட்டு பிதுங்கிக் கால் வலித்தால் அது தொழில் நோய் என்று தனி அட்டவணையே போட்டது. எத்தனை வருடம் தூக்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. இருந்தாலும் ஒருவர் தான் தூக்கிய மூட்டையைப் பற்றிப் பேச அங்கே ஒரு படிவம் இருக்கிறது. அப்போது நடப்பிலிருந்த நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, காயம் உண்டாக்கும் அளவுக்குக் கனமான பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. 1967லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் ஊரில் நெல் மூட்டை இன்றும் 75 கிலோ கணக்கு. தானா மூட்டை 25 கிலோதானே என்று கம்பெனி சொல்லும். லாரி நிற்கும் நேரத்துக்குக் காசு என்பதால் இரண்டிரண்டாக ஏற்றிவிட்டதை யாரும் எழுதவில்லை.

இது ஏதோ தொழிற்சங்க விஷயம், சாதிக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்டார்கள். அந்தக் கம்பெனியில் லோடுமேன் பதினான்கு பேர். பத்துப் பேர் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து போனவர்கள், நாலு பேர் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர் எல்லாம் ஊர்த் தெரு. அறிவிப்புப் பலகையில் சாதி எழுதி ஆள் எடுக்கவில்லை. தாத்தா பண்ணையில் நெல் சுமந்தார், நைனா தானா சுமந்தார், நடுவில் யாரும் எந்த வேலையையும் தேர்ந்தெடுத்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. அப்போது திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1891ல் அங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், நம் மக்களுக்கு நிலம் இல்லாததே அடிமைத்தனத்துக்குக் காரணம் என்பதை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. எங்கள் குடும்பத்துக்கு அதில் ஒரு சென்ட்கூட இல்லை. நிலம் இருந்திருந்தால் மட்டும் இடுப்பு வலிக்காதா என்றால், வலிக்கும்; நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள். ஆனால் வலிக்கிற அன்று வரப்பில் உட்கார ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சாட்சிக்கு ஆள் தேடினோம். கூட வேலை செய்த இரண்டு பேர், காலனியில் எங்களுக்குப் பங்காளி முறை வேண்டியவர்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் பெயர் எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று தெரியாது. ஒடிசா பையன் ஒருவன், அன்று லாரி மேலே நின்று மூட்டையை எடுத்துக் கொடுத்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் நடந்ததைச் சொல்லி, எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதம் அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் வருவேன் என்றிருக்கிறான்.

மனு இன்னும் முடியவில்லை. தம்பி கும்மிடிப்பூண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, என்ன தூக்கினோம், எத்தனை கிலோ, எத்தனை நடை, யார் சொன்னது என்று தினமும் எழுதுகிறான். ஈ.எஸ்.ஐ. சந்தா ஏறியிருக்கிறதா என்று மாதா மாதம் போனில் பார்க்கிறான். ரூமில் உள்ள மற்ற மூன்று பேருக்கும் பார்த்துச் சொல்கிறான்.

நைனா லோடு வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு தோட்டத்தில் காவலுக்குப் போகிறார், சம்பளம் பாதி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய் அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குகிறார். காலையில் நடந்து வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் அன்று செய்யச் சொன்னதைச் செய்துபார்க்கிறார். வலது குதிகால் இப்போது இரண்டு விரல் உயரம் எழும்புகிறது.